தோப்பில் நின்ற ஆறு பிணங்கள்

காலை பத்து மணி.

பிணங்கள் ஆறும் நின்றுகொண்டிருந்தன.

மாமரம் செத்தால் விழுவதில்லை. அதற்கு அந்த நாகரிகம் கிடையாது. பழுத்துக் காய்ந்த இலைகளைக் கிளையிலேயே வைத்துக்கொண்டு, முற்றாத காய்களை ஒவ்வொன்றாகத் தன் காலடியில் போட்டு அழுகவிடும். இறந்தவர்கள் ஆறு பேரும் பெங்களூரா ரகம். நடுத்தர வயது. ஓசூர்ப் பக்கம், தொரப்பள்ளியைத் தாண்டி மண் பாதையில் உள்ளே போனால் வரும் தங்கதுரையின் தோப்பில், போன மாதம் வரை நல்லபடியாகக் காய்த்துக்கொண்டிருந்தவர்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் கமலக்கண்ணன் முதல் பிணத்தை நோக்கி நடந்தார். மூன்றாவது அடியில் அழுகிய மாம்பழம் ஒன்றை மிதித்தார். பழம் வெடித்தது. உள்ளேயிருந்து வெள்ளைப் புழுக்கள் குதித்தன. பழ ஈயின் புழுவுக்கு ஊர்வதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. உடம்பை வளைத்து எம்பிக் குதிக்கும். ஒன்று சரியாக அவருடைய சாக்ஸுக்குள் இறங்கியது.

"அடச்சே! என்ன எளவு சோலிய்யா இது!"

அவர் திருநெல்வேலிக்காரர். நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியிலிருந்து மனிதர்களை முகம் சுளிக்காமல் எடுத்தவர். இப்போது ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைக் கழற்றினார்.

"சார், கொலைகாரி அதோ வர்றா" என்றார் தங்கதுரை.

இரும்பு கேட்டைத் திறந்துகொண்டு, துப்பட்டாவால் மூக்கை மூடியபடி, ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்.

அஃப்ஸானா. ராயக்கோட்டை தக்காளிச் சந்தைக்கு எதிரே பயிர் மருந்துக்கடை வைத்திருப்பவள். விவசாயப் பட்டதாரி. பூச்சியைப் படித்து, பூச்சியைக் கொன்று, பூச்சியால் சோறு சாப்பிடுபவள். ஆனால் பூச்சியைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். நான்கு வருடமும் ஆய்வகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டே முதல் வகுப்பில் தேறினாள். அவளிடம் மூன்று வகை 'சீ' உண்டு. புழுவுக்கு ஒன்று, அழுகலுக்கு ஒன்று. மூன்றாவது மனிதர்களுக்கு. அதை அவள் சுலபத்தில் எடுப்பதில்லை.

"கேட்டுல கை வெச்சுப் பாத்தியாம்மா?" தங்கதுரை கத்தினார். "புதுத் தாழ்ப்பாள். என் தம்பி போட்டுக் குடுத்தது. ஓட்டையில விரல விட்டாக்கூடக் கிழிக்காது. அப்படி வேலை செய்யற குடும்பம் இது. நீ என்னாடான்னா போலி மருந்தக் குடுத்து ஆறு மரத்தையும் காலி பண்ணிட்ட."

"அண்ணா, முதல்ல மரத்தைப் பாக்கறன்."

"பாத்துக்கோ. நாலு மணிக்குக் கிருஷ்ணகிரியில இருந்து விவசாய ஆபீசருங்க வந்து உன் கடைக்கு சீல் வைக்கறாங்கோ. அதுவரைக்கும் நல்லாப் பாரு."

அதுதான் விஷயம். நாலு மணிக்குக் கடை மூடப்படும். பூட்டைப் பிறகு திறந்துவிடலாம். போலி மருந்து விற்றவள் என்ற பேரைத் திறக்கச் சாவி கிடையாது. அந்தப் பேர் ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக் கூடையைவிட வேகமாகக் கை மாறும்.

மருந்து அடித்த முனிவேல் மரத்தடியில் குந்தியிருந்தான். கமலக்கண்ணன் ஒற்றை பூட்ஸோடு விசாரணையைத் தொடங்கினார்.

"மருந்து யார்ட்ட வாங்கின?"

"அஃப்ஸானாக்கா கடையில சார்."

"என்ன பண்ணின?"

"மரத்துல ஓட்டை இருந்துச்சு. பஞ்ச மருந்துல நனைச்சு உள்ள திணிச்சன். மேல மண்ண அப்பி மூடினன். தண்டுத் துளைப்பான் புழுவுக்கு எல்லாரும் அப்படித்தான் சார் செய்வாங்க."

"ஓட்டையை நீதான் கண்டுபிடிச்சியா?" இது அஃப்ஸானா.

"இல்லக்கா. இவரு தம்பி தங்கமணி அண்ணன்தான் காட்டினாரு. கம்பெனி லீவுல வந்தவரு, 'டே முனிவேலு, புழு பூந்திருக்குது பாரு'ன்னாரு. ஆறு மரத்துலயும் அவரே கூட்டிக்கினு போயி காமிச்சாரு."

"அப்ப இலை எப்படி இருந்துச்சு?"

"தொங்கிப் போயிதான் இருந்துச்சு."

"தொங்கறது வேற, சாவறது வேற!" தங்கதுரை குறுக்கே பாய்ந்தார். "இந்தம்மா மருந்து உள்ள போனதும்தான் செத்துச்சு."

அஃப்ஸானா தோப்பின் கிழக்கு ஓரத்தில் இன்னும் உயிரோடிருந்த ஒரு மரத்தை நோக்கிப் போனாள். அதன் அடிப்பக்கத்தில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்திருந்தது. கீழே, ஈரமான பக்கோடாத் தூளைக் கொட்டியதுபோல ஒரு குவியல்.

"இது என்னம்மா?" கமலக்கண்ணன் குனிந்து தொடப் போனார்.

"புழுவோட பீ, சார்."

கை திரும்பி வந்தது.

"மரத்தைத் தின்னு தின்னு, பின்னாடியால வெளிய தள்ளும். இது நிஜமான தண்டுத் துளைப்பான். முனிவேல், சைக்கிள் கம்பி இருக்கா?"

நுனி வளைத்த சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்றை முனிவேல் நீட்டினான். அஃப்ஸானா கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் துளைக்குள் விட்டாள். முதலில் விரல்கூட நுழையாத சின்ன வாய். உள்ளே போகப் போகக் கம்பி தாராளமாக ஆடியது. எதிலோ மாட்டியது. இழுத்தாள். வந்தது. சுண்டுவிரல் நீளம், வெண்ணெய் நிறம், பழுப்புத் தலை. வாசலில் சிக்கியதும் அது உடைந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் கம்பியிலேயே விட்டுவிட்டது.

"சீ" என்றாள் அஃப்ஸானா. முதல் வகை.

கமலக்கண்ணன் வாயைப் பொத்தினார். மரத்துக்குப் பின்னால் போனார். காலையில் சாப்பிட்ட இட்லி எல்லோருக்கும் கேட்கும்படி வெளியே வந்தது.

அவர் திரும்பி வந்தபோது அவள் செத்த மரம் ஒன்றின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். முனிவேல் அப்பியிருந்த மண்ணைப் பெயர்த்து, பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, துளைக்குள் விரலை விட்டாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் இறுக்கமாக நின்றது. பக்கத்துத் துளையிலும் அப்படியே. அடுத்த மரத்திலும் அப்படியே. மரத்தைச் சுற்றித் தரையைப் பார்த்தாள். அழுகிய பழம், குதிக்கும் புழு, எறும்பு எல்லாம் இருந்தன. மரத்தூள் மட்டும் ஒரு சிட்டிகைகூட இல்லை.

மரத்தின் அடியில் கடைசி முயற்சியாக ஒரு துளிர் விட்டிருந்தது. இலைகள் ஊசிபோல ஒடுங்கி, முறுக்கிக்கொண்டு கிடந்தன.

"சார், இதைத் தின்னது பூச்சி இல்ல. களைக்கொல்லி. யாரோ ஓட்டை போட்டு உள்ள ஊத்தியிருக்காங்க. என் மருந்து வர்றதுக்கு முன்னாடியே இதுங்க கதை முடிஞ்சாச்சு."

"அப்படின்னு நீங்க சொல்லுதீங்க" என்றார் கமலக்கண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு. "கிருஷ்ணகிரிக்காரங்க ஒத்துக்கிடணும்லா? ஊத்தினவன் யாரு?"

"ஆள் தெரியாம என்னாத்துக்கு இந்தக் கதை?" என்றார் தங்கதுரை.

பன்னிரண்டு மணிக்கு ஆள் தெரிந்துவிட்டது. அப்படித்தான் கமலக்கண்ணன் நினைத்தார்.

தோப்புக்கு மேற்கே திம்மப்பனின் தக்காளித் தோட்டம். நடுவே வேலி. வேலிக் கம்பிகளில் வரிசையாகப் பிளாஸ்டிக் பாட்டில்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஓட்டை. ஒவ்வொன்றின் உள்ளேயும் அழுகிய முட்டையும் மீன் கழிவும். காட்டுப் பன்றிக்கு அந்த நாற்றம் ஆகாது. மனிதருக்கும் ஆகாது, ஆனால் மனிதர் தக்காளியைத் தோண்டுவதில்லை. வேலியின் புதரிலிருந்து காலி டப்பா ஒன்றை, உடன் வந்திருந்த கான்ஸ்டபிள் குச்சியால் தூக்கிக்கொண்டு வந்தார். களைக்கொல்லி. மேலே ஒட்டியிருந்த தாளில் எல்லாமே கன்னட எழுத்து.

திம்மப்பன் வரவழைக்கப்பட்டார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். முட்டை வாசனையும் கூடவே நின்றது.

"மரத்த ஒழிச்சுக் கட்டிருவேன்னு சொன்னீரா, இல்லியா?"

"சொன்னன் சார். பகலெல்லாம் பன்னி இவரு தோப்புல விழுந்த மாம்பழத்தத் தின்னுக்கினு பொதர்ல படுத்துக்குது. ராத்திரியானா என் தக்காளி. தோப்ப சுத்தமா வெச்சுக்கய்யான்னா கேக்க மாட்டேங்கறாரு. கோவத்துல சொன்னன்."

"கன்னடம் தெரியுமா?"

"வூட்டுல தெலுங்கு, சந்தையில கன்னடம், உங்க கிட்ட தமிழ் சார்."

"படிப்பீரா?"

"அது எந்த பாஷையிலயும் கெடையாது சார்."

"இந்த டப்பா?"

"நனகே கொத்தில்லா… எனக்குத் தெரியாது சார், சத்தியமா. எல்லை தாண்டி அத்திப்பள்ளி போனா எந்தக் கடையிலயும் கெடைக்கும். ஓசூர்ல பாதிப்பேரு அங்கதான் போயி எல்லாம் வாங்கறாங்கோ. அப்புறம், எனக்குக் கோவம் வந்தா கோடாலி எடுப்பன் சார். ஓட்டை போட்டுக்கினு உக்காந்திருப்பனா?"

கமலக்கண்ணன் அவரை ஜீப்பில் ஏற்றலாமா என்று யோசித்தார். அந்த வாசனையோடு ஓசூர் வரை போக வேண்டும். யோசனையைத் தள்ளிப்போட்டார்.

அப்போது பைக் சத்தம். தங்கமணி வந்தான். தங்கதுரையின் தம்பி. மத்திகிரியில் வாடகை வீடு, ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சீனியர் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து, நீல யூனிஃபார்மை மாற்றாமல், எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். கமலக்கண்ணன் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாப்புடுங்க சிஸ்டர்" என்றான் அஃப்ஸானாவிடம். "உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. மருந்து கம்பெனி ஏமாத்தினா நீங்க என்னா பண்ணுவீங்க? அண்ணா, நீயும் விட்டுடு. செத்த மரத்த வெச்சுக்கினு எதுக்குப் போராட்டம்?"

"என்னாடா விட்டுடு?" தங்கதுரை தோப்பின் தெற்கே கையைக் காட்டினார். பக்கத்து நிலத்தில் நீலத் தகரக் கூரையோடு பெரிய குடோன் ஒன்று வெயிலில் மின்னியது. "அவனுங்க வந்து இதையும் குடுன்னு கேட்டப்ப என்னா சொன்னன்? காய்க்கிற மரத்த எவனாச்சும் விப்பானான்னேன். இப்ப என்னா சொல்லுவன்?"

"கூட்டுப் பட்டாவா அண்ணா?" என்றாள் அஃப்ஸானா.

"ஆமா. ரெண்டு பேரு கையெழுத்தும் வேணும். அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணும் இல்ல. சும்மா." அவள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கீழே வைத்தாள். "செத்தது செத்துப்போச்சு. மிச்ச மரத்துக் காயையாச்சும் பழ ஈ கிட்டயிருந்து காப்பாத்துங்க. வண்டியில பொறி கொண்டாந்திருக்கேன். ஆபீசருங்க வர்ற வரைக்கும் எல்லாரும் கை குடுங்க."

கொலைக் குற்றவாளி கொலையான இடத்திலேயே வியாபாரம் செய்வதைக் கமலக்கண்ணன் முதல் தடவையாகப் பார்த்தார்.

பழ ஈப் பொறி எளிமையானது. பெண் வாசனை என்று நம்பி ஆண் ஈக்கள் தேடி வரும் ஒரு மருந்தில் ஊறவைத்த சின்னப் பிளைவுட் துண்டு. அதைக் கம்பியில் கோத்து ஒரு டப்பாவுக்குள் தொங்கவிட வேண்டும். வருகிற ஈக்கள் அங்கேயே செத்து விழும். இன்னும் மருந்தில் நனைக்காத பிளைவுட் துண்டுகளை அஃப்ஸானா ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"கம்பி போற மாதிரி ஒரு ஓட்டை போடுங்க. போதும்."

முனிவேல் ஆணியை வைத்துக் கல்லால் அடித்தான். ஓட்டை விழுந்தது, மறுபக்கம் சிம்பு சிம்பாகப் பிய்ந்தது. திம்மப்பன் அரிவாள் முனையால் குடைந்தார். துண்டு இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியை மடியில் வைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார்.

"என்னா பண்றீங்கப்பா? தள்ளுங்க" என்று சிரித்தான் தங்கமணி. பைக் பெட்டியிலிருந்து பேட்டரி ட்ரில்லை எடுத்தான். ஒரு நொடியில் துளை விழுந்தது. பிறகு வேறொரு பெரிய ட்ரில் முனையை எடுத்து, மெஷினில் மாட்டாமல், கையாலேயே துளையின் வாயில் வைத்து ஒரு திருகு. திருப்பி மறுபக்கம் ஒரு திருகு. வாயால் ஊதினான். விழுந்த தூளைக் கால் விரலால் ஒன்றுசேர்த்து, அள்ளி, யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். துண்டை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

அஃப்ஸானா அந்தத் துளையில் விரலை வைத்தாள். வழுக்கியது.

இரண்டரை மணி.

"சார், ஆபீசருங்களுக்கு முன்னாடி நீங்க வேலைய முடிச்சிடலாம்" என்றாள்.

"ஆளு கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு. எல்லாரும் இந்த மரத்துக்கிட்ட வாங்க."

செத்த மரத்தைச் சுற்றி நின்றார்கள். காலடியில் புழுக்கள் குதித்துக்கொண்டிருந்தன.

"தண்டுத் துளைப்பான் உள்ள போறப்ப ஊசி மாதிரி இருக்கும். உள்ள போயி தின்னு தின்னுதான் கொழுக்கும். அதனால அது போடற ஓட்டைக்கு வாசல் சின்னது, உள்ளதான் பெருசு. காலையில நான் கம்பி விட்டப்ப பாத்தீங்க. இப்ப இந்த ஓட்டைய பாருங்க. வாசல் அகலம். உள்ள போனா இறுக்கம். வெளிய கொழுத்துட்டு உள்ள போயி இளைக்கிற புழுவ நான் எந்தப் புத்தகத்துலயும் படிக்கல."

"மெஷின்ல போட்டாத்தான் அப்படி வருமா?" என்றார் கமலக்கண்ணன்.

"மெஷின்ல போட்டாலும் வராது சார். நேரா வரும், விளிம்புல பிசிறு நிக்கும். அந்தப் பிசிற எடுத்து, வாய மழுக்கி விட்டாத்தான் இப்படி வரும். கம்பெனியில அதச் செய்யாட்டி பீஸ் ரிஜெக்ட். வருஷக்கணக்கா அதையே செஞ்ச கை, எங்க ஓட்டை போட்டாலும் தானா செய்யும். கேட் தாழ்ப்பாள்ல செஞ்சிருக்குது. பிளைவுட்டுல செஞ்சுது. கொல்ல வந்த மரத்துலயும் செஞ்சிருக்குது. தூளக் கூட்டி அள்ளிக்கினு போயிருக்குது. இவ்ளோ சுத்தமா ஒரு புழு நான் பாத்ததில்ல."

எல்லோரும் தங்கமணியைப் பார்த்தார்கள். அவன் நிதானமாகச் சிரித்தான்.

"நல்லாத்தான் சொல்றீங்க சிஸ்டர். ஓசூர்ல ஓட்டை போடற கம்பெனி தெருவுக்கு நாலு இருக்குது. எவன் வேணா செஞ்சிருக்கலாம்."

"கரெக்ட்" என்றாள் அஃப்ஸானா உடனே. "அதுதான் எனக்கும் இடிச்சுது. நீங்க சீனியர். இத செஞ்சவன் நேத்து சேந்த அப்ரண்டிஸ். அந்தக் கடைசி மரத்துல பாருங்க, ஒண்ணு இந்தப் பக்கம் சாயுது, ஒண்ணு அந்தப் பக்கம் சாயுது. கண்றாவியா இருக்குது."

தங்கமணியின் சிரிப்பு நின்றது.

"எந்த மரம்?"

"கடைசி மரம்."

"சான்ஸே இல்ல."

"நான் பாத்தனே. கோணலா…"

"கோணலா? அட்டையில டெம்ப்ளேட் வெட்டி, மரத்துல வெச்சு மார்க் பண்ணிப் போட்டது! எல்லாம் நாப்பத்தஞ்சு டிகிரி, ஊத்தினா வெளிய வராது. பதினாறு வருஷத்துல என் கையில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனது கெடையாது! வந்து அளந்து பாரு!"

எங்கோ ஒரு மயில் அகவியது.

முதலில் அசைந்தது தங்கதுரைதான். கடைசி மரத்துக்கு நடந்துபோனார். ஒரு துளையின் மண்ணை நகத்தால் கீறி எடுத்துவிட்டு விரலை வைத்தார். இன்னொன்றிலும் வைத்தார். துளைகள் எல்லாம் ஒரே சாய்வில், ஒரே அளவில், வாய் மழுங்கி, அழகாக இருந்தன.

"ஏன்டா?"

"காய்க்கிறவரைக்கும் விக்க மாட்டன்னியே அண்ணா."

"அதுக்கு?"

"காய்க்காம ஆக்கினன். உன்ன நான் ஒண்ணும் பண்ணலியே. மரத்தத்தான. பூச்சி வந்துச்சுன்னு நீயே மனசு விட்டுடுவன்னு நெனச்சன்." கொஞ்சம் நிறுத்தி, நியாயத்தைச் சொல்லும் குரலில் சேர்த்தான்: "உன் கைய கிழிக்கக் கூடாதுன்னுதான் தாழ்ப்பாள்ல கூட பிசிறு எடுத்துக் குடுத்தன்."

அஃப்ஸானா அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பார்த்தவை வரிசையாக இருந்தன. குதித்த புழு, உடைந்த புழு, புழுவின் பீ, முட்டை, மீன். எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

"சீ" என்றாள். மூன்றாவது வகை.

தங்கதுரை போனை எடுத்து, கிருஷ்ணகிரி அலுவலகத்துக்குப் பேசினார். அழவில்லை. மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சிக்கொண்டார்.

"ஐயா, தொரப்பள்ளி தங்கதுரை பேசறன். நீங்க வர வேணாங்க. புகார வாபஸ் வாங்கிக்கறன். மருந்து அசல்தாங்க ஐயா. பூச்சிதான் போலி."

பிறகு அஃப்ஸானா பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் போலத் தெரிந்தது. "மிச்ச மரத்துக்குப் பொறி கட்டணும்மா" என்றார். அவள் தலையசைத்து, டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். தங்கமணி துளை போட்ட பிளைவுட் துண்டு முதலில் கைக்கு வந்தது. தங்கதுரை அதை வாங்கி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அழுகல் குவியலில் வீசினார். முனிவேலின் சிம்பு பிய்ந்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றே கால் மணிக்கு ஜீப் கிளம்பியது. கமலக்கண்ணன் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் இருந்தார். பின்னால் தங்கமணி. போலீஸ் ஜீப்பின் சீட் கம்பியில் யாரோ எப்போதோ அவசரமாகப் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. விளிம்பெல்லாம் பிசிறு.

கேட்டைத் தாண்டுவதற்குள் அவனுடைய கட்டைவிரல் அதைத் தேடிப் போய், சுரண்ட ஆரம்பித்திருந்தது.